உயிரோடு இருக்கிறவள் போட்ட முட்டை

என் தங்கச்சி வீட்டுக்காரர் கறிக்கடை வைத்திருக்கிறார். யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கடைக்கும் அவருக்கும் சேர்த்து ஒரே பேர்தான். "கறிக்கடைக்குக் காய்ச்சல்", "கறிக்கடை முடி வெட்டப் போயிருக்கு" என்று சொன்னால் எங்கள் தெருவில் ஒருத்தரும் குழம்ப மாட்டார்கள்.

ஆள் பார்க்க இரும்பு பீரோ மாதிரி இருப்பார். காலையில் கடையைத் திறந்து, தரையைக் கழுவிவிட்டு, பிளாஸ்டிக் ஏப்ரனை மாட்டிக்கொண்டு வெட்டுக்கட்டை முன்னால் நின்றாரென்றால் மதியம் வரைக்கும் கத்தி ஓயாது. ஆட்டை உரிப்பார். கோழியை உரிப்பார். வந்தவர்களிடம் குடும்ப விஷயம் விசாரித்துக்கொண்டே எலும்பை நொறுக்குவார். குடலைக் கழுவிய கையைத் துடைத்துவிட்டு அதே கையால் பன்னைப் பிய்த்து டீயில் தொட்டுத் தின்பார். பார்க்கிற நமக்குத்தான் ஒரு மாதிரி இருக்கும்.

இந்த மனுஷனுக்குத்தான் வீட்டுக் கோழி போட்ட முட்டை என்றால் குமட்டிக்கொண்டு வரும்.

முட்டையே ஆகாது என்றில்லை. கடை முட்டை என்றால் உயிர். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தது, சில்லென்று, வெள்ளை வெளேரென்று, குளித்துப் பவுடர் போட்ட மாதிரி இருக்க வேண்டும். அதில் எத்தனை கொடுத்தாலும் கணக்கில்லாமல் உள்ளே போகும். ஆனால் ஒரு நாள் அவர் பக்கத்து வீட்டு டெய்லரம்மா, தன் கோழி போட்டதென்று ஆசையாக ஒரு முட்டையைக் கொண்டுவந்து அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டார். பழுப்பு நிறம். ஒரு பக்கம் சின்ன இறகு ஒட்டியிருந்தது. கறிக்கடை அதைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். அந்தம்மா அந்தப் பக்கம் போனதும் முட்டையை மதில்மேல் வைத்துவிட்டு, முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவினார்.

"என்ன மாப்ளே, முட்டைதானே?" என்றேன்.

"சுடுது மச்சான்."

"இப்பதான் போட்டிருக்கும். சுடாம என்ன செய்யும்?"

"அதைத்தான் சொல்றேன். இப்பதான் போட்டிருக்கு. போட்டவ அந்தா, வேலி மேல உக்காந்து என்னையே பாக்குறா."

"கடையில ஆடு பாக்கலையா உங்களை?"

"பாக்கும். அப்புறம் பாக்காது." தாடையைச் சொறிந்துகொண்டார். "உயிரோட இருக்கிறவகிட்ட இருந்து எடுத்துத் திங்கிறது மரியாதை இல்ல மச்சான். ஆளை எதிர்ல உக்கார வெச்சுக்கிட்டே அவர் சட்டைப் பையில கை விடற மாதிரி இருக்கு."

"அப்ப பால்?"

"அது பாக்கெட்ல வருது."

நான் பிளம்பர். எனக்குப் பள்ளிக்கூடம் பாதியிலேயே புளித்துப் போய்விட்டது. ஆனாலும் பாக்கெட் பால் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். தெரிந்ததை யோசிக்க மாட்டார், அவ்வளவுதான்.

அவர் ஒருத்தர்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். டெய்லரம்மாவின் முட்டையை எங்கள் தெருவில் யாருமே சீந்த மாட்டார்கள். மஞ்சள் ரொம்ப மஞ்சளாக இருக்கிறது என்பார் ஒருத்தர். உள்ளே குஞ்சு இருந்து, வாணலியில் விழும்போது 'கீச்' என்றால் என்ன செய்வது என்பார் இன்னொருத்தர். மாடி வீட்டு டீச்சர் நேராகவே சொல்லிவிட்டார்: "அந்தக் கோழி புழு திங்குதுங்க. என் கண்ணாலேயே பார்த்தேன்." கடைக் கோழி மட்டும் மேஜையில் உட்கார்ந்து பிஸ்கட் தின்னும் போலிருக்கிறது.

சரி, தின்னாவிட்டால் போகிறார்கள் என்றுதான் நானும் இருந்தேன். என் தங்கச்சி மகளுக்குக் கல்யாணப் பேச்சு வருகிற வரைக்கும்.

பெண் செருப்புக் கடையில் பில் போடுகிறாள். அதே கட்டடத்து மாடியில் செல்போன் பழுது பார்க்கிற பையன் ஒருவன். இரண்டு பேரும் மனசு ஒத்துப் போய்விட்டார்கள். பையன் தங்கம். அவன் அம்மாவும் நல்ல மாதிரி. அப்பா பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர், கொல்லையில் கோழி வளர்க்கிறார். இதைச் சொல்லிவிட்டுப் பெண் தரையைப் பார்த்தாள்.

"கோழி வளர்த்தா வளர்க்கட்டுமே. அதுக்கு ஏன்டி மூஞ்சி இப்படிப் போகுது?" என்றாள் என் தங்கச்சி.

"வீட்டுக்கு வர்றவங்களுக்கு அவர் கோழி போட்ட முட்டையைத்தாம்மா குடுப்பாரு. சாப்பிடலேன்னா கோவம் வந்துரும். அவங்க பெரிய பையனுக்கு முதல்ல ஒரு இடம் பார்த்தாங்களாம். அந்தப் பொண்ணோட அப்பா முட்டையைக் கர்சீப்பால தொடச்சிருக்காரு. தொடச்சதுக்கே, இந்தச் சம்பந்தம் வேணாம்னு இவர் எழுந்துட்டாராம்."

எல்லாரும் கறிக்கடையைத் திரும்பிப் பார்த்தோம். அவர் சுவரைப் பார்த்தார்.

"அப்பா," என்றாள் பெண். "ஒண்ணே ஒண்ணு. எனக்காக."

கறிக்கடைக்கு மகள் என்றால் உருகிவிடும். "சாப்பிடறேன்மா," என்றார். சொல்லிவிட்டு எழுந்துபோய்க் கையைக் கழுவினார்.

பழக்கினால் வராத பழக்கம் உண்டா என்று நான்தான் பொறுப்பை ஏற்றுக்கொண்டேன். முதலில் கடை முட்டை ஒன்றை எடுத்து, பசை தடவி ஓர் இறகை ஒட்டினேன். கறிக்கடை வீட்டில் இறகுக்கா பஞ்சம்? அதை மேஜையில் வைத்து, தூர நின்று பார்க்கச் சொன்னேன். பார்த்தார். கிட்டே வரச் சொன்னேன். வந்தார். தொடச் சொன்னேன். தொட்டார். "பரவால்லியே மாப்ளே," என்று முதுகில் தட்டினேன்.

அடுத்தது சூடு. வெந்நீரில் போட்டால் வெந்து போகும் என்பதால், முட்டையை என் அக்குளில் வைத்துக்கொண்டு டீவி பார்த்தேன். ஒரு படம் பாதி ஓடி முடிந்ததும் எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

வாங்கியவர் முட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "மச்சான், இது யார் சூடு?"

"என் சூடுதான்."

"அப்ப இது நீங்க போட்ட மாதிரி ஆச்சே."

சொல்லிவிட்டு வாஷ்பேசினுக்கு ஓடினார். என் தங்கச்சி தலையில் அடித்துக்கொண்டாள். "ஏண்ணே, பழக்கிவிடச் சொன்னா இருக்கிறதையும் கெடுத்துவிட்டியே. இனி அந்த மனுஷன் கடை முட்டையையும் தின்னமாட்டார் போலிருக்கே." மறுபடி அவர் கடை முட்டையைத் தொட, பாவம், கொஞ்ச நாள் ஆயிற்று. அதற்குள் டிரைவர் வீட்டிலிருந்து, ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

கறிக்கடை அன்றைக்குச் சோப்புத் தேய்த்துக் குளித்து, மறுபடி குளித்து, சென்ட் அடித்து, சட்டையும் பேண்டும் இஸ்திரி போட்டு வந்தார். கோழிக்கு மோப்பம் தெரிந்துவிடக் கூடாதாம். நான், தங்கச்சி, பெண், அவர் என நாலு பேரும் ஆட்டோவில் போனோம். வழி முழுக்க அவர் தன் கையை மோந்து மோந்து பார்த்துக்கொண்டே வந்தார்.

டிரைவர் வாசலிலேயே நின்றிருந்தார். மீசையும் ஆளும் விறைப்பு. ஓய்வு பெற்று வந்தும் ஸ்டீயரிங்கை விடாத குரல். "வாங்க வாங்க, படியில நிக்காதீங்க, உள்ள போங்க, உள்ள நிறைய இடம் இருக்கு," என்று எங்களை வீட்டுக்குள் ஏற்றி, அப்படியே பின்பக்கமாகக் கொல்லையில் இறக்கிவிட்டார்.

கொல்லையைப் பார்த்து நான் அசந்துபோனேன். உடைத்த பஸ்ஸிலிருந்து வாங்கிய சீட்டுகளைச் சுவரோரம் வரிசையாகப் போட்டிருந்தார். பச்சை ரெக்சின், சில இடத்தில் கிழிந்து பஞ்சு தெரிந்தது. மேலே பிடித்துக்கொள்ளக் கம்பி கூட இருந்தது. கோழிகள் கம்பியில் தூங்குமாம், சீட்டில் முட்டை போடுமாம். பேரும் அதற்கேற்றபடிதான் வைத்திருந்தார். ஓடிக்கொண்டே இருப்பது எக்ஸ்பிரஸ். எல்லாம் போட்டு முடித்தபிறகு நிதானமாக வந்து போடுவது கடைசி வண்டி. ஒரு கால் ஊனமாகி விந்தி விந்தி நடக்கிற செம்பட்டைக் கோழி பிரேக்டவுன்.

கறிக்கடை கொல்லைக்குள் ஒரு கால் வைத்தார். அவ்வளவுதான். எக்ஸ்பிரஸ் ஒரே தாவாகத் தாவி மதிலில் ஏறியது. மற்றதெல்லாம் பின்னாலேயே ஏறின. இரண்டு கூரைக்குப் போய்விட்டன. சென்ட்டாவது ஒன்றாவது.

"என்ன இது?" டிரைவர் முகம் கறுத்தது. "யார் வந்தாலும் காலைச் சுத்துற பொண்ணுங்க. உங்களைக் கண்டா ஏன் ஓடுறாங்க?"

"தொழில் அப்படிங்க," என்றார் கறிக்கடை, குற்றவாளி மாதிரி.

"ம்." டிரைவர் அந்த 'ம்'மை அப்படியே நிறுத்தி வைத்தார். "உக்காருங்க."

கறிக்கடை போய் ஒரு சீட்டில் உட்கார்ந்தார். அது எந்தச் சீட்டு என்று அவருக்கு எப்படித் தெரியும்? பிரேக்டவுனுக்கு மதில் ஏற முடியாது. அது மூலையில் நின்றுகொண்டு தலையை ஒரு பக்கம் சாய்த்து அவரைப் பார்த்தது. பிறகு விந்தி விந்தி நேராக அவரிடமே வந்தது.

"அது அவ சீட்டு," என்றார் டிரைவர். "தினமும் அதுலதான் போடுவா."

கறிக்கடை எழுந்திருக்கப் பார்ப்பதற்குள் கோழி ஓர் எம்பு எம்பி அவர் மடியில் ஏறிவிட்டது. சீட்டில் ஆள் இருந்தால் என்ன, எனக்கு உட்கார வேண்டும் என்கிற பிடிவாதம். இரண்டு சுற்று சுற்றி, இஸ்திரி போட்ட பேண்டைக் காலால் கிளறி, பொத்தென்று அமர்ந்தது. கறிக்கடை இரண்டு கையையும் மேலே தூக்கிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிரேக் போட்ட பஸ்ஸில் நிற்கிறவர் மாதிரி.

"மச்சான்," என்றார் உதட்டை அசைக்காமல். "இவ முக்குறா."

"ஆடாம இருங்க மாப்ளே."

"மச்சான், எனக்குத் தெரியுது. எனக்கு எல்லாமே தெரியுது."

என் தங்கச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா தெரியவில்லை. பெண் கையைக் கூப்பிக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரத்தில் பிரேக்டவுன் லேசாக எழுந்து, சந்தோஷமாக ஒரு கூப்பாடு போட்டது. மடியில் பழுப்பாக, ஈரமாக, ஒரு முட்டை.

டிரைவர் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "யார் மடியிலயும் போட்டதில்லைங்க. வளர்த்த என் மடியிலகூட!" முட்டையை எடுத்து மனைவியிடம் நீட்டினார். "சூடு ஆறதுக்குள்ள ஆம்லெட் போடு. அவருக்கு மட்டும்."

கோழி இறங்கவில்லை. மறுபடி அவர் மடியிலேயே உட்கார்ந்து கண்ணைக் கொட்டிக் கொட்டி அவரையே பார்த்தது.

ஆம்லெட் வந்தது. டிரைவர் தட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்து டிரைவர் வீட்டம்மா என் பக்கம் வந்து காதோடு சொன்னார்: "அண்ணே, நீங்க பிளம்பராமே. சிங்க்குக் கீழ ஒழுகுது. எத்தனை தடவை சொல்லியும் இவர் ஆளைக் கூப்பிடல. ஒரு பார்வை பார்த்துடுங்களேன்."

எனக்கு இது புதிதில்லை. கல்யாண வீடானாலும் துக்க வீடானாலும் பிளம்பரைப் பார்த்தால் எல்லாருக்கும் குழாய் ஞாபகம் வரும். கறிக்கடை தவிப்பதைப் பார்க்கவும் மனசில்லை. உள்ளே போனேன். அடுப்படியில் குனிந்து சிங்க்குக் கீழே இருந்த சின்னக் கதவைத் திறந்தேன். வளைவுக் குழாயின் வாஷர் போயிருந்தது. சரியாகப் பார்க்கலாமென்று பின்னால் கையை விட்டேன். கோணிப்பை ஒன்று தட்டுப்பட்டது. இழுத்தேன்.

அடியில் ஒரு முட்டைத் தட்டு. கடை முட்டை. வெள்ளை வெளேரென்று, பவுடர் போட்ட மாதிரி.

"ஐயோ அண்ணே!" டிரைவர் வீட்டம்மா பதறிப்போனார். "அது அங்க இருக்கிறதையே மறந்துட்டேன். வெளிய சொல்லிடாதீங்க. அவருக்குத்தான்."

"அவருக்கா?"

"அவர் கோழி போட்டதை இன்னைக்கு வரைக்கும் அவர் வாயில வெச்சதே இல்லைண்ணே. குஞ்சுல இருந்து வளர்த்ததாம், தொண்டையில இறங்காதாம். வெளிய தெரிஞ்சா மானம் போயிடுமாம். வர்றவங்க தலையிலதான் எல்லாத்தையும் கட்டுறார்."

கொல்லையிலிருந்து டிரைவர் குரல் கேட்டது. "முழுங்குங்க. ஏன் வாயிலயே வெச்சிருக்கீங்க? பிடிக்கலையா? பிடிக்கலேன்னா சொல்லிடுங்க. எனக்கு நேரடியாப் பேசறதுதான் பிடிக்கும்."

எட்டிப் பார்த்தேன். கறிக்கடையின் இரண்டு கன்னமும் உப்பியிருந்தன. கண் வெளியே வந்துவிடும் போலிருந்தது. மடியில் கோழி. மகள் முகத்தில் ரத்தமே இல்லை. டிரைவர் ஸ்டூலின் நுனிக்கு வந்துவிட்டார். இன்னும் கொஞ்சம் போனால் எழுந்துவிடுவார். எழுந்தால் சம்பந்தம் முடிந்தது.

நான் நின்று யோசிக்கிற ஆள் இல்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு நேராக வெளியே வந்து அவர் காலடியில் வைத்தேன். "டிரைவர் சார், சிங்க்கு அடியில இது இருந்துச்சு. யாருக்கு?"

மதில்மேல் இருந்த கோழிகள்கூடக் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தன. கறிக்கடை முட்டைத் தட்டைப் பார்த்தார். டிரைவரைப் பார்த்தார். அந்த ஆச்சரியத்தில் 'மொடக்' என்று ஒரு சத்தம்.

"முழுங்கிட்டேன்!" என்று மகளைப் பார்த்துக் கத்தினார். "அம்மா, முழுங்கிட்டேம்மா!"

டிரைவர் என் பக்கம் பாய்ந்தார். "உங்களை யார் அங்க போகச் சொன்னது?"

"நான்தான்," என்றார் அவர் மனைவி. "ஒழுகுது ஒழுகுதுன்னு நான் கத்தினப்ப நீங்க ஆளைக் கூப்பிட்டிருந்தா இது வெளிய வந்திருக்காது."

"அப்ப நீங்க திங்கறதில்லையா?" என்றாள் என் தங்கச்சி. அவளுக்கு இப்போது தைரியம் வந்துவிட்டது. "எங்க வீட்டுக்காரரை மட்டும் இந்தப் பாடு படுத்துறீங்க?"

"நான் திங்காதது பாசத்துலம்மா. மத்தவங்க திங்காதது அருவருப்புல. ரெண்டும் ஒண்ணா?"

"எதுல திங்கலேன்னாலும் தட்டுல மிச்சம் இருக்கறது ஒண்ணுதானே," என்றாள் தங்கச்சி. "எங்க வீட்டுலயும் ஒரு கண்டிஷன் உண்டு. தன் வீட்டுச் சாப்பாட்டைத் தானே சாப்பிடாதவங்க வீட்டுல நாங்க பொண்ணு குடுக்கறதில்ல. சாப்பிடுங்க."

இப்படி ஒரு கண்டிஷன் எங்கள் வீட்டில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. டிரைவர் ஆம்லெட் தட்டை வாங்கினார். ஒரு துண்டைப் பிய்த்தார். வாய் வரைக்கும் கொண்டுபோனார். பிரேக்டவுன் தலையைத் திருப்பி இப்போது அவரைப் பார்த்தது. மனுஷன் கை அங்கேயே நின்றுவிட்டது.

"கால் ஒடிஞ்சு கிடந்தப்ப இவளை என் காக்கிச் சட்டைப் பையிலதான் வெச்சிருந்தேன்," என்றார். மீசை துடித்தது. "இவ முன்னாடி எப்படிங்க?"

கறிக்கடை கையை நீட்டி, கோழியின் முகத்தைத் தன் உள்ளங்கையால் மெதுவாக மறைத்தார். எத்தனை கழுத்தைப் பிடித்த கை. பிரேக்டவுன் அதில் தலையை வைத்துக்கொண்டது.

"கீழ வைங்க சம்பந்தி," என்றார். "உங்களுக்கும் முடியாது, எனக்கும் முடியாது. எனக்கு அருவருப்பு இல்லைங்க. கூச்சம். இவ பாக்குறா."

டிரைவர் துண்டைத் தட்டில் போட்டார். ஸ்டூலை இழுத்துக்கொண்டு வந்து அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "அதேதாங்க," என்றார், மூக்கைத் துடைத்தபடி. "கூச்சந்தான். இத்தனை வருஷமா எனக்கு அந்த வார்த்தை கிடைக்கல சம்பந்தி."

மிச்ச ஆம்லெட்டை என் தங்கச்சி எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். "உப்பு கொஞ்சம் கம்மி. மத்தபடி நல்லாத்தான் இருக்கு," என்றாள். பெண்ணுக்கும் எனக்கும் டிரைவர் வீட்டம்மா புது முட்டையில் இன்னொன்று போட்டுக் கொடுத்தார். நாங்கள் தின்றோம். சும்மா சொல்லக் கூடாது, கடை முட்டை பக்கத்தில் நிற்க முடியாது. அவர்கள் இரண்டு பேரும் சிங்க்குக்கடி முட்டையை அவித்துத் தின்றுகொண்டே கல்யாணத் தேதி, மண்டபம், யார் யாரை அழைப்பது என்று எல்லாவற்றையும் பேசி முடித்தார்கள்.

நான் கடைக்குப் போய் வாஷர் வாங்கி வந்து சிங்க்குக்கு மாட்டி முடித்தேன். ஆட்டோவும் வந்துவிட்டது. கறிக்கடை எழுந்திருக்கவில்லை.

"வாங்க மாப்ளே, போலாம்."

"உஷ்," என்றார். "தூங்குறா."

"கையில எடுத்துக் கீழ விடுங்க. கோழிதானே."

"முட்டை போட்ட உடம்பு மச்சான். தானா எழுந்திரிக்கட்டும்."

ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். டிரைவர் வெளியே ஓடிப்போய் அவரைத் திட்டிவிட்டு வந்தார். பிரேக்டவுன் ஆற அமரத் தூங்கி எழுந்து, சிறகை உதறிக்கொண்டு இறங்கிப் போனபோது கறிக்கடைக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. இரண்டு காலும் மரத்துப் போய்விட்டன. நான் ஒரு பக்கம், சம்பந்தி ஒரு பக்கம் தோளில் தாங்கி அந்தப் பீரோவை ஆட்டோவில் ஏற்றினோம்.